பதினேழாம் எண் வீடு

"எதை அடிக்கணும் தம்பி?" என்று ஜெராக்ஸ் கடை சபுரா அக்கா கேட்டு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு முன்னால் நின்ற ஆள் ஆதார் அட்டையை முன்பக்கம் பின்பக்கம் நகல் எடுத்துக்கொண்டு போய்விட்டார், எனக்குப் பின்னால் நின்ற அம்மா என் தோளைத் தாண்டிக் கையை நீட்டி ரேஷன் கார்டைக் கொடுத்துவிட்டார், நான் மட்டும் பென்டிரைவை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நிற்கிறேன், வியர்வையில் அது வழுக்குகிறது. அதற்குள் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஒன்றில் இடிந்துபோன ஒரு பட்டணம், இன்னொன்றில் கலங்கரை விளக்கம் உள்ள ஒரு தீவு. மணி இரண்டு பத்து. மூன்று மணிக்கு ஆட்டம். சாலமோன் இப்போது பஸ்ஸில் இருப்பான், ஜன்னலோரம் கிடைத்திருந்தால் ஜன்னலில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு, இல்லையென்றால் பின்படி பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஒன்றே முக்காலுக்கு அவன் அனுப்பியதை இதோடு எட்டாவது தடவை எடுத்துப் பார்க்கிறேன். "கிளம்பிட்டேன். பட்டணமா தீவான்னு கைகாட்டி வர்றதுக்குள்ள சொல்லு. திரும்பிப் போற பஸ்ஸு அங்கதான் நிக்கும்." பதினாலு நாளுக்குப் பிறகு அவனிடமிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான். எதைச் சொன்னால் வருவான், எதைச் சொன்னால் திரும்பிவிடுவான் என்று அவன் எழுதவில்லை. கைகாட்டி ஸ்டாப்பிங்கைத் தாண்டிவிட்டால் பாலம், பாலத்தைத் தாண்டினால் நேராக இங்கேதான், இடையில் இறங்க வழி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போக்குவரத்துக்கு அவன் கைகாட்டிக்கு வர இரண்டு நாற்பது ஆகும். முப்பது நிமிடம். முப்பது நிமிடத்தில் ஒரு பட்டணத்தையோ ஒரு தீவையோ நான் காகிதத்தில் இறக்க வேண்டும், அதுவும் சரியானதை. தவறானதை இறக்கினால் சாலமோன் கைகாட்டியில் இறங்கி எதிர்ப்பக்கம் போய் நிற்பான், அதோடு சரி, இனிமேல் வரமாட்டான், அது எனக்குத் தெரியும், அவன் கோபித்துக்கொண்டு கத்துகிற ஆள் இல்லை, எழுந்து போய்விடுகிற ஆள். "நீ யோசிச்சிட்டு வா, அதுக்குள்ள இவங்களை அனுப்பிடறேன்" என்றார் அக்கா. யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் அக்கா, பதினாலு நாளாக அது ஒன்றுதான் வேலை.

நாங்கள் நாலு பேர். தினகரனுடைய அப்பா மாடியில் டியூஷன் சென்டர் வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை மதியம் அது காலியாக இருக்கும், கரும்பலகையில் முக்கோணம் அழியாமல் இருக்கும், அதன் கீழே பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வோம். ஒருவன் கதை சொல்வான், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஒரு ஆளாக நடப்பார்கள். தினகரன் வாள்வீரன். ஹஃப்ஸா பூட்டு உடைக்கிற திருடி, நிஜத்தில் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். சாலமோன் ஒரு குள்ளக் கொத்தன், கல்லைத் தட்டிப் பார்த்தே சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று சொல்கிறவன். கதவைத் திறக்கலாமா, பேயோடு பேசலாமா, எல்லாம் அவர்கள் இஷ்டம், முடியுமா முடியாதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். கதை சொல்கிறவன் நான். என் குரல் எங்கேயும் எடுபடாது, வகுப்பில் உள்ளேன் ஐயா என்று சொல்லியும் வராதவன் என்று குறிக்கப்பட்ட நாட்கள் உண்டு, ஓட்டலில் இன்னொரு சட்னி கேட்டால் சர்வர் பக்கத்து மேசையைப் பார்ப்பார். ஆனால் அந்த மேசையில் மட்டும் நான் மெல்லப் பேசப் பேச மூன்று பேரும் முன்னால் குனிவார்கள். எங்கள் வீட்டில் கதை என்பது இரண்டு ஆள் வேலை. சொல்கிறவர் சொல்ல வேண்டும், கேட்கிறவர் ம் கொட்ட வேண்டும். ம் நின்றால் கதையும் நின்றுவிடும், பாதி ஆற்றில் குதிரையையும் ராஜகுமாரனையும் அப்படியே விட்டுவிட்டுத் தாத்தா திரும்பிப் படுத்துக்கொள்வார், மறுநாள் காலையில் கெஞ்சினாலும் அவர்கள் கரையேற மாட்டார்கள். இதை முதல் நாளே அந்த மூவரிடமும் சொன்னேன். தினகரன் சிரித்தான், ஹஃப்ஸா, "டேய் கதைக்காரா, இது எருமைமாட்டை மேய்க்கறா மாதிரி இருக்கு" என்றாள், சாலமோன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் அன்றிலிருந்தே கொட்ட ஆரம்பித்துவிட்டான். அவனுடைய ம் வேறு மாதிரி. ஆவல் வந்தால் நீளும், பயம் வந்தால் மூக்கில் பாதியோடு நிற்கும், நான் கதையில் ஓட்டை விட்டால் கேள்வி மாதிரி மேலே ஏறும். அவன் ம் இருந்தால் எந்த மாட்யூலையும் என்னால் சொல்ல முடியும். மாட்யூல் என்றால் யாரோ எங்கேயோ எழுதி வைத்த கதைக்கூடு, ஊர் வரைபடம், எந்த வீட்டில் என்ன இருக்கும், எந்தத் தெருவில் எது எதிர்ப்படும் என்ற பட்டியல், கட்டம் கட்டி "சத்தமாகப் படிக்கவும்" என்று போட்ட பத்திகள். கூடு அவர்களுடையது, மூச்சு நாம் ஊத வேண்டும். மாசி மாதத்தில் நாலைந்து மாட்யூல்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டபோது பட்டணம் பட்டணம் என்று மேசையைத் தட்டியவன் சாலமோன்தான். வெல்தாரம் என்று பெயர், ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரே இரவில் இடிந்த நகரம், யாருமே அடிக்காமல் அந்தியில் அடிக்கிற மணிகள். "நான் கொத்தன்டா, எனக்கு இடிஞ்ச ஊருதான் வேணும், எங்க எந்தக் கல்லு இருந்துதுன்னு நான் சொல்றேன்" என்றான். மாசியில் சொன்னான். சித்திரையில் அவன் வீட்டை இடித்தார்கள்.

இங்கேதான் நான் நின்றிருக்க வேண்டும். இடித்தது தெரிந்தவுடனே வெல்தாரத்தை மூடி வைத்துவிட்டுத் தீவை எடுத்திருக்க வேண்டும், அது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியவில்லையா? தெரிந்தது. அவன் வீடு இருந்த நாணல்மேட்டுக்கு நானும்தான் போனேன் சாமான் ஏற்ற. ஆற்றை ஒட்டி வரிசையாய் இருந்த வீடுகள், முன்பக்கம் மினி லாரிகள், பின்பக்கம் மஞ்சள் இயந்திரம். பீரோ, குக்கர், மூட்டை கட்டின துணி, சாலமோனுடைய தங்கச்சி மடியில் மீன்தொட்டி, எல்லாம் ஏற்றின பிறகு அவன் அம்மா கதவைக் கழற்றினால்தான் வண்டியில் ஏறுவேன் என்று நின்றுவிட்டார். பச்சைக் கதவு, கீழ்ப்பாகம் ஆற்று வெள்ளத்தில் ஊறி உப்பியது, உள்பக்கத்தில் கரிக்கோடுகள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிள்ளைகளை முதுகு ஒட்டி நிற்கவைத்துத் தலைக்கு மேலே கோடு போடுவார்களாம். லாரியின் பின்னால் அந்தக் கதவின் மேலேயே நானும் சாலமோனும் உட்கார்ந்து போனோம், இருபத்தெட்டுக் கிலோமீட்டர், அப்போதுதான் சொன்னான் அந்தக் கோடுகளைப் பற்றி, யாரிடமும் சொல்லாதே என்று சொல்லவில்லை, ஆனால் யாரிடமும் சொல்கிற மாதிரி சொல்லவும் இல்லை. ஒன்பதாவது மாடியில் அரசாங்கம் கொடுத்த வீட்டில் இரும்புக் கதவு இருந்தது, பச்சைக் கதவு இப்போது கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு மாதம் கழித்து ஆட்டம் மறுபடி தொடங்கினபோது, வேறு மாட்யூல் பார்க்கட்டுமா என்று இழுத்தேன், "ஏன், என்னைப் பார்த்துப் பாவப்படறியா? ஆரம்பிடா" என்று அவன் முறைத்தான், ஆரம்பித்தேன். அதோடு விட்டேனா? தாத்தா கதை சொன்னால் ராட்சசன் வீட்டு அடுக்களையில் எங்கள் வீட்டுச் செம்பு இருக்கும், நசுங்கின பக்கத்தோடு. ஐயோ நம்ம செம்பு என்று எழுந்து உட்கார்ந்துவிடுவேன், அதற்குப் பிறகு அந்த ராட்சசனை விட்டுப் போகவே மனசு வராது. கேட்கிறவன் வீட்டுச் சாமானைக் கதைக்குள் வைத்தால்தான் கேட்கிறவன் கதைக்குள் குடிவருவான் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதனால் வெல்தாரத்தின் முதல் தெருவில், எல்லாம் தரைமட்டமான இடத்தில், ஒரு கதவு மட்டும் நிலையோடு நிற்கிறது என்று சொன்னேன். பச்சைக் கதவு என்று சொன்னேன். உள்பக்கம் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்று, ஒரு குழந்தை வளர்ந்த அளவுக்கு. சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடித்திருந்தது, அதை நினைத்தால்தான் இப்போது காது சூடாகிறது. சாலமோன் குனிந்தான். அவன் ம் நீண்டது. வலது கை பெஞ்சின் மேலே கொஞ்சம் முன்னால் வந்தது, எதையோ எடுக்கப் போகிற மாதிரி. பரீட்சை அட்டையில் கிளிப் போட்டு வைத்திருந்த வரைபடத்தை நான் அவர்கள் பக்கம் திருப்பினேன், நீங்க நிக்கிற இடம் இதுதான் என்று விரலை வைத்தேன், பதினேழுக்குள்ள யார் முதல்ல போறது என்று கேட்டேன். ம் இல்லை. ஹஃப்ஸா, நான் போறேன், என்றாள். ம் இல்லை. அவன் பகடையை மேசையில் வைத்தான், உருட்டவில்லை, வைத்தான், அம்மா கூப்பிடறாங்க என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினான். அவன் போன் சட்டைப் பையில்தான் இருந்தது, அது அடிக்கவே இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தினகரன் என்னைப் பார்த்தான். நான் கரும்பலகையில் இருந்த முக்கோணத்தைப் பார்த்தேன்.

கதவு, கதவு, கதவு. பதினாலு நாளாக அந்தக் கதவைத்தான் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். அதை ஏன் சொன்னேன். சாரிடா என்று டைப் அடித்தேன், அழித்தேன். உன் கதவை எடுத்தது தப்பு என்று அடித்தேன், அது இடிக்க வந்தவன் எழுதுகிற மாதிரி இருந்தது, அழித்தேன். போன் செய்யலாம், என் குரல் அவனுக்குக் கேட்கவா போகிறது, கேட்டாலும் என்ன சொல்வது. இப்போதும் போன் நடுங்குகிறது, சாலமோனோ என்று அவசரமாகத் திருப்பிப் பார்க்கிறேன், இல்லை, ஹஃப்ஸா. "முடிவு பண்ணிட்டீங்களா மாஸ்டர், இல்ல அதுக்கும் பகடை உருட்டணுமா?" அடுத்த வரியில், "சாலு வர்றானாமே. ஒழுங்கா தீவை எடுத்துட்டு வா. சொதப்பாத." ஹஃப்ஸாவே சொல்லிவிட்டாள். தீவு. தீவு நல்ல மாட்யூல்தான். பனிக்காலம், விளக்கு அணைந்துபோன கலங்கரை, கடலுக்கடியிலிருந்து யாரோ படியேறி வருகிற ஓசை. வெல்தாரத்து வாசலிலிருந்து அவர்களை எப்படிக் கப்பலுக்குக் கொண்டுபோவது? பிரச்சினையே இல்லை, மணி அடிக்கிறது, தரை நழுவுகிறது, கண் விழித்தால் கரை, உப்புக் காற்று. பட்டணம் கனவு என்று சொல்லிவிடலாம். சொல்லிவிடலாமா? கனவு என்று சொன்னால் சாலமோனுடைய ம் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் கேட்டுப் பார்க்கிறேன், கேட்கவே மாட்டேன் என்கிறது. ஒரு ஊர் இருந்தது, இடிந்தது, அதை யாரும் பார்க்காதீர்கள், வாருங்கள் தீவுக்குப் போகலாம். நாணல்மேட்டுக்காரர்களை லாரியில் ஏற்றும்போதும் அப்படித்தான் சொன்னார்கள், புது இடத்தில் நல்ல காற்று வரும் என்று. அய்யோ, இப்படி நினைத்தால் எதைத்தான் எடுப்பது. தீவைச் சொன்னால் என்னைப் பார்த்துப் பாவப்படறியா என்று இறங்கிவிடுவான். பட்டணத்தைச் சொன்னால் மறுபடியும் என் வீட்டைத் தோண்டுகிறாயா என்று இறங்கிவிடுவான். எதைச் சொன்னாலும் கைகாட்டி. இரண்டு இருபத்திரண்டு. ரேஷன் கார்டு அம்மா கிளம்புவதாகக் காணோம், நகலில் பேத்தி பெயர் மங்கலாக விழுந்துவிட்டதாம், திரும்ப அடிக்கச் சொல்கிறார். இயந்திரம் காகிதத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறது, அக்கா பக்கவாட்டுக் கதவைத் திறந்து கசங்கின தாளை இழுக்கிறார், தாள் கிழிகிறது, கருப்பு மை அவர் மணிக்கட்டில். தீவு. முடிவு செய்துவிட்டேன். பாவப்படுகிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை, வலிப்பதற்கு அது மேல். "அக்கா, இதுல தீவுன்னு ஒண்ணு இருக்கும், அந்தப் படத்தை மட்டும் ஏ3ல கலர்ல." அவருக்குக் கேட்கவில்லை. யாருக்குத்தான் கேட்டது. பென்டிரைவை வாங்கிச் சொருகிவிட்டு முதலில் இருந்த கோப்பைத் திறந்துவிட்டார்.

திரையில் வெல்தாரம் விரிந்தது. இவ்வளவு பெரிதாக நான் அதைப் பார்த்ததில்லை, என் போனில் அது உள்ளங்கை அளவு, போன தடவை எடுத்த நகல் ஒரு முழுத் தாளில் பாதி. ஆறு வளைந்து போகிறது, ஆற்றங்கரையில் இடிந்த சுவர்கள், ஒவ்வொரு சுவர்ப் பெட்டிக்குள்ளும் சிவப்பில் எண்கள். அக்கா கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டார். தாலுகா ஆபீஸுக்கு எதிரில் இருக்கிற கடை இது, நாள் முழுக்கப் பட்டா, வில்லங்கம், நில அளவை என்று வரைபடங்களாகவே பார்க்கிற கண். "எந்த ஊருப்பா இது? ஆத்துப் புறம்போக்கா?" என்றார். இல்லக்கா, இது ஒரு விளையாட்டு, சும்மா கதை, என்றேன். "கதையா? வீட்டுக்கு வீடு செகப்புல நம்பர் போட்ருக்கான். இடிக்கப் போறாங்களா?" இடிஞ்சு ஆயிரம் வருஷம் ஆச்சுக்கா, என்றேன், சிரிப்பார் என்று நினைத்து. அவர் சிரிக்கவில்லை. சுட்டியை எண்களின் மேலே ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போனார், பதினைந்து, பதினாறு, பதினேழு. "இடிஞ்ச வீட்டுக்கு எதுக்குப்பா நம்பர்?" என்றார். ரேஷன் கார்டு அம்மாவும் எட்டிப் பார்த்துவிட்டு, "இடிக்கறதுக்கு முன்னாடிதான் நம்பர் போடுவாங்க. எங்க தெருவுல போட்டாங்களே" என்றார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெயிண்ட் வாசனை எங்கிருந்தோ வந்தது, இயந்திரத்தின் சூடான மையா, இல்லை, அது நாணல்மேடு, சுவரெல்லாம் சிவப்புப் பெயிண்ட், சுற்றி ஒரு வட்டம், உள்ளே எண், சில வட்டங்கள் ஒழுகி ஜன்னல் கம்பி வரை இறங்கியிருந்தன. சாலமோன் வீட்டில் அறுபத்திரண்டு. கையில் பரீட்சை அட்டை பிடித்த ஒரு ஆள் வரிசையாக வந்தார், அட்டையில் கிளிப், கிளிப்பில் தாள், அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, கோபமாகவும் பேசவில்லை, சொல்லப்போனால் மெல்லத்தான் பேசினார், அறுபது முடிஞ்சுதா, அறுபத்தொண்ணு யாரு, அறுபத்திரண்டுக்குள்ள ஆள் இருக்கா, என்று கேட்டுக்கேட்டு டிக் போட்டுக்கொண்டே போனார். சாலமோனுடைய அம்மா அறுபத்திரண்டு நான்தான் என்று கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. நான் பக்கத்தில்தான் இருந்தேன், குக்கரைத் தூக்கிக்கொண்டு. பதினேழுக்குள்ள யார் முதல்ல போறது. நான் கேட்டேன். பரீட்சை அட்டை. கிளிப். மெல்லிய குரல். பச்சைக் கதவை ஒரு வீடு என்று அவன் முன்னால் நிற்கவைத்துவிட்டு, அவன் கை நீளும்போது, அதற்கு ஒரு எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டேன். "தம்பி, இங்க பாரு" என்றார் அக்கா. மேல் ஓரத்தைக் காட்டினார், "கதை சொல்பவர் பார்வைக்கு மட்டும்" என்று ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார், பிறகு சக்கரத்தைச் சுழற்றிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். "இதே படம் இங்க ஒண்ணு இருக்கு. நம்பர் இல்லாம." அதே ஆறு. அதே சுவர்கள். எண் ஒன்றுகூட இல்லை. தொண்ணூற்றாறு பக்கத்தில் தொண்ணூற்று நாலு வரைக்கும் படித்திருக்கிறேன். ஆடுகிறவர்களுக்கு என்று தனியாக ஒன்று இருந்திருக்கிறது, முதல் நாளிலிருந்து இருந்திருக்கிறது.

"இதை அடிங்கக்கா" என்றேன். இரண்டு முப்பத்தாறு. வெளியே வந்து படியில் நின்றேன், டைப் அடிக்க விரல் போனது, எத்தனை தடவை அழிப்பது, கூப்பிட்டுவிட்டேன். மணி அடிக்க அடிக்க எடுக்காமல் இருந்தால் நல்லது என்றும் எடுக்க வேண்டும் என்றும் ஒரே மூச்சில் நினைத்தேன். எடுத்தான். பஸ் இரைச்சல், யாரோ குழந்தையை அதட்டுகிற சத்தம், அதற்கு நடுவில், "ம், சொல்லு" என்று, கதைக்குக் கொட்டுகிற ம் இல்லை அது, கடன்காரனுக்குச் சொல்கிற ம். சாலு, என்றேன். "சத்தமா பேசுடா, ஒண்ணும் கேக்கல." சாலு, அந்த மேப்புல நம்பர் இருந்துச்சுடா, என்றேன், நான் கவனிக்கல, நான் கதவுன்னு நினைச்சேன், கதவைச் சொன்னதுக்குத்தான் நீ போயிட்டன்னு. ஒரு வேகத்தடையில் பஸ் ஏறி இறங்கியது எனக்கே முதுகில் தெரிந்தது. "நீ கவனிக்கலன்னு தெரியும்" என்றான். "அதான்டா கடுப்பு. கூடவே நின்ன, குக்கரைத் தூக்கின, எல்லாத்தையும் பார்த்த. எங்கம்மா கை தூக்குனதைப் பார்த்தியா இல்லியா?" பார்த்தேன், என்றேன். "அப்புறம் இன்னா கவனிக்கல?" கடைக்குள் இயந்திரம் பெரிய தாளை மெல்ல மெல்லத் தள்ளுகிற சத்தம் கேட்டது. "கதவு நல்லாத்தான் இருந்துச்சு" என்றான் சாலமோன், குரல் கொஞ்சம் வேறு மாதிரி. "கட்டிலுக்கு அடியில கெடக்குது அது, நிக்கவே இல்ல அதுக்கப்புறம். நீ நிக்குதுன்னு சொன்ன. தொட்டுப் பார்க்கறேன்னு சொல்ல வந்தேன். கொத்தன்தானே நானு, தொட்டுப் பார்க்கறேன்னு. அதுக்குள்ள நீ பதினேழுன்ட்ட." மன்னிச்சிடு, என்றேன். "கேக்கல." மன்னிச்சிடுடா, என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன், எதிரில் தாலுகா ஆபீஸ் வாசலில் இளநீர் விற்கிறவர் திரும்பிப் பார்த்தார். "சரி, அதை விடு. கைகாட்டி வந்துருச்சு, சிக்னல்ல நிக்கறோம். பட்டணமா தீவா?" நீ சொல்லு, உனக்கு எது, என்று ஆரம்பித்தேன், அவன் வெட்டினான். "நான் சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டுக் கேட்டுக் கதை சொன்னா அது கதையா? சொல்றவன் நீ. எது எடுக்கறியோ அதை எடு. பஸ்ல இருக்கணுமா இறங்கணுமான்னு நான் பார்த்துக்கறேன்."

"கைகாட்டி, கைகாட்டி, இறங்கறவங்க முன்னாடி வாங்க" என்று கண்டக்டர் கத்துவது போனுக்குள் கேட்டது. இப்போது எழுந்திருப்பானா, ஏற்கனவே எழுந்துவிட்டானா, படியில் ஒரு காலா. அக்கா தாளைச் சுருட்டாமல் அப்படியே இரண்டு கையிலும் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்தார், ஈரமும் சூடுமாய் இருந்தது, வெல்தாரம் வெயிலில் பளபளத்தது, பெயரில்லாத எண்ணில்லாத வீடுகள். பட்டணம்தான் என்று சொல்லத் தொண்டை வரை வந்தது, அதைச் சொல்வதில் என்ன இருக்கிறது, சொல்வதானால் இதைச் சொல்ல வேண்டும் என்று எங்கிருந்தோ தோன்றியது. தொண்டையைச் செருமினேன். "வெல்தாரத்துல நிக்கறீங்க" என்றேன். கேட்காது. பஸ் இரைச்சல். வயிற்றிலிருந்து இழுத்தேன். "வெல்தாரத்துல நிக்கறீங்க! மழை இப்பத்தான் விட்டிருக்கு. ஆறு மண்ணு கலர்ல ஓடுது. தெருவுல ஒரு சுவரும் இல்ல, ஒரு கதவு மட்டும் நிக்குது." என் குரல் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்தது, எனக்கே அது யாருடையதோ மாதிரி இருந்தது. ரேஷன் கார்டு அம்மா நகலை மார்போடு பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "பச்சைக் கதவு. கீழ்ப்பக்கம் தண்ணியில ஊறி உப்பியிருக்கு. உள்பக்கம் கோடு போட்டிருக்கு, யாரோ புள்ளைங்களை நிக்கவெச்சு. கொத்தன் கிட்டப் போறான். கையை நீட்டறான். அந்த வீட்டுக்குப் பேரு என்னன்னு இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. கொத்தனுக்கு மட்டும்தான் தெரியும்." நிறுத்தினேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை, குதிரை பாதி ஆற்றில் நிற்கிறது. போனில் காலடிகள், யாரோ இறங்குகிறார்கள், ஒருவர், இரண்டு பேர், ஒரு மூட்டை எதிலோ இடிக்கிறது, ஏம்மா சீக்கிரம், சில்லறையை அப்புறம் எண்ணலாம். பிறகு விசில். இன்னொரு விசில். கியர் விழுகிற சத்தம், பாலத்தின் மேல் ஏறுகிற இன்ஜின் முக்கல், எனக்குக் காது முழுக்க அதுதான், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறேன், அவன் இன்னும் அதற்குள் இருக்கிறானா, தெருவோரத்தில் நின்று அது போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறானா, இரண்டுக்கும் இரைச்சல் ஒன்றுதான், அது தேயவில்லை, தேயவில்லை, தேயவே இல்லை, அதற்கு நடுவிலிருந்து, மூக்கில் பாதியாக ஆரம்பித்து மெல்ல நீண்டு,

"ம்."